காரணம் எழுதும் கட்டம்

போன பங்குனியில்
கலீமுல்லா சாயபு கடை வாசலில் தொடங்கிய வரிசை
பழையபேட்டை முக்கு டீக்கடையைத் தாண்டி நின்றது.
இனிமேல் துப்பாக்கி உரிமம் கிடையாதாம்.
இருக்கிறவர்களும் புதிதாக வாங்க முடியாதாம்.
சித்திரை பிறந்தால் எல்லாம் மூடிவிடுவார்களாம்.
அந்த ‘ஆம்’ எங்கிருந்து கிளம்பியதென்று
இன்றுவரை தெரியவில்லை.
அஞ்செட்டிக்காரர்கள் தேன்கனிக்கோட்டையைச் சொன்னார்கள்.
தேன்கனிக்கோட்டைக்காரர்கள்
எங்கள் கடையில்தான் கேள்விப்பட்டார்களாம்.

பத்தொன்பது நாளில் நாற்பத்தொன்று.
குதிரை தளர்ந்து, கட்டை வெடித்து
மூலையில் கிடந்த ஒற்றைக்குழலைக்கூட
முப்பத்தெட்டாயிரம் கொடுத்து
பர்கூர் கல்குவாரிக்காரர் வாங்கிப்போனார்.
விலையை எழுதியது நான்தான்.
கை கூசவில்லை.
அந்த மாதம் சாயபு கொடுத்த மேல்பணத்தில்
வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன்.

இப்போது ஆவணி.
உரச்சாக்கில் சுற்றி, கிழிந்த ஜமக்காளத்தில் சுற்றி,
காய்ச்சல்கண்ட பிள்ளையைத் தூக்குவதுபோல்
தோளில் சாய்த்து
ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன.

ஏட்டில் ஒரு கட்டம் இருக்கிறது:
விற்பதற்கான காரணம்.
பணத்தேவை என்று எழுதும்மா, என்கிறார்கள்.
எழுதுகிறேன்.
போச்சம்பள்ளி நஞ்சுண்டனுக்கு அது மெய்தான்.
மாங்காய் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போனது,
பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை.
தோட்டாப் பெட்டியின் காகிதம்கூடப் பிரிக்காமல்
கொண்டுவந்து வைத்தார்.
அதற்குத் தனியாக எவ்வளவு தருவீங்க என்றார்.

தளி முனிரத்தினம் சிரித்துக்கொண்டே வந்தார்.
“கேவுருக் கொல்லையில யானை.
வானத்தப் பாத்து ஒண்ணு போட்டேன்.
தின்னுக்கிட்டிருந்தது நிமிந்து என்னைப் பாத்துச்சு.
மறுபடி குனிஞ்சுடுச்சு.
இதுக்கு லட்சுமி வெடியே போதும்,
அதை வருசா வருசம் புதுப்பிக்க வேணாம் பாருங்க.”
அதற்கும் பணத்தேவை.

சூளகிரி லகுமய்யா எதுவுமே சொல்லவில்லை.
பங்காளியோடு வரப்புத் தகராறு என்று
பக்கத்து ஊர்க்காரர்தான் காதில் போட்டார்.
தகராறு தீர்ந்துவிட்டதா என்று சாயபு கேட்டார்.
“தீரல.
அதான் கொண்டாந்துட்டேன்.”

திம்மராயப்பாவோடு கெம்பம்மாளும் வந்திருந்தாள்.
மாந்தோப்புக்கு நடுவே தனி வீடு,
கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாருமில்லை.
அவர் சாயபுவிடம் பதினாலாயிரத்தைப்
பதினாறாக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது
என் மேசைமேலிருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு,
வாய் துடைத்தபடியே சொன்னாள்:
“தேர்தல்னு ரெண்டு மாசம்
போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கி வச்சாங்க இல்ல,
அந்த ரெண்டு மாசந்தான் நாங்க தூங்கினோம்.
அது வீட்ல இருந்தா
நாய் குரைச்சாலே இவரு எழுந்து உக்காந்துக்குவாரு.
ஒருநாள் வெளிய போயிட்டு வந்து கதவைத் தொட்டது
நான்.”

மேற்கொண்டு அவள் சொல்லவில்லை.
கட்டம் சின்னது.
பணத்தேவை.

முப்பத்துமூன்று வந்துவிட்டன.
சட்டகத்தில் இடமில்லை, தரையில் அடுக்கியிருக்கிறோம்.
ஷட்டருக்கு மூன்றாவது பூட்டு போட்டாயிற்று.
சாயபு இப்போதெல்லாம் வீட்டுக்குப் போவதில்லை.
கடையிலேயே பாய் விரிக்கிறார்.
காலையில் நான் வரும்போது
கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்.
எலி ஓடியது என்கிறார்.

நேற்று ஒன்றைச் சுத்தம் செய்ய எடுத்து
குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
வெளிச்சம் வரவில்லை.
உள்ளே குளவி மண் குழைத்துக் கட்டியிருந்தது,
விரல் கணுவளவு, வழவழவென்று.
கம்பியை எடுத்தார். வைத்தார்.
யாருடையது என்றார்.
ஏட்டைப் புரட்டிச் சொன்னேன்.
அந்த வீட்டு மருமகளுக்கு ஏதும் விசேஷமா என்று கேட்டார்,
எனக்கு எப்படித் தெரியும்.

“இருக்கட்டும். பறந்து போனப்புறம் பாத்துக்கலாம்.”

நிலை என்ற கட்டத்தை
காலியாக விட்டிருக்கிறேன்.