ஐம்பத்தைந்து சுற்று

சம்பளம் வந்த இரவு.
போன் ரிப்பேர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பட்டியலை மறுபடி எழுதுகிறேன்.
மோட்டார்: இருபத்தேழு சுற்றா, ஐம்பத்தைந்தா?
சுற்று குறைந்தால் பறக்கும்.
பறக்க இங்கே ஏது இடம்?
ஹப்புத்தளைக்கு ஏறும் கடைசி பஸ்ஸைக் கேள்.
முதல் கியரில் முனகிக்கொண்டு போவதில்
அதற்கு ஒரு வெட்கமும் இல்லை.
ஐம்பத்தைந்து.

சர்வோ இருபத்தைந்து கிலோ.
கல்லிடுக்கில் மாட்டிய சக்கரத்தைத் திருப்ப வேணும்,
அதில மட்டும் மிச்சம் பிடிக்காத என்று
கொட்டகலை ரெஜினோல்ட் வாய்ஸ் மெசேஜில் கத்துகிறான்.

பித்தளை நக்கிள் விலை பார்த்தேன்.
மூடிவிட்டேன்.
டயர் கடைக்காரன் அள்ளித் தந்த பழைய ஈயத் துண்டுகள்
டப்பாவில் கிடக்கின்றன.
முன் ரிம்முக்குள் ஒட்டினால் போதும்,
பாரம் கீழே இருக்கும்.

டயர்தான் முடிவாகவில்லை.
மெதுவான ரப்பர் என்கிறார்கள். எவ்வளவு மெது?
இன்று காலை டேப்போடு போனேன்,
பீலிக்குப் பின்னாலிருக்கும் பாறைக்கு.
பாசி. ஈரம்.
ஒரு படி பதினொரு சென்டிமீட்டர்,
என் சக்கரமே பன்னிரண்டுதான்.
கொழுந்தெடுக்கப் போன புவனமேரி நின்றாள்:
"கல்லுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

ஆமாம் என்றேன்.
சிரித்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து
அதே பாறையில் ஏறிப் போனாள்.
விரல்கள் முதலில்.
விரிந்து, கொஞ்சம் பிதுங்கி,
பாசிக்குக் கீழே எதையோ பற்றிக்கொண்டு.

எழுதுகிறேன்: ஆக மெது.
உள்ளே பஞ்சும் இளகினது.

மீதி நாலாயிரத்து இருநூறு ரூபா.
பேட்டரி அடுத்த மாதம்.