இருபத்து நான்கு மணிநேர நினைவு

ஞாயிறு, காலை பத்து மணி.
கிராஞ்சி விடுதியில்
கேரம் பலகைகளை ஓரம் தள்ளி
என் மேசையைப் போட்டிருக்கிறார்கள்.
எடை எந்திரம், இடுப்பளக்கும் நாடா,
விரல் குத்தும் ஊசி ஒரு பெட்டி,
பிளாஸ்டிக்கில் வார்த்த சோறு:
அரைக் கிண்ணம், ஒரு கிண்ணம், ஒன்றரை.

நேற்றுக் கண் விழித்தது முதல்
இன்று கண் விழித்தது வரை
என்னென்ன சாப்பிட்டீர்கள்?

எண் நானூற்றுப் பதினேழு. அடைக்கலராஜ்,
முப்பத்தாறு வயது, கம்பி கட்டுகிறவர்,
மணப்பாறைப் பக்கம்.
வரிசையில் முன்னால் வந்தவர்கள் சொன்னதையே
அவரும் சொன்னார்:
சாப்பிட்டேன் மேடம்.

இங்கேதான் இடறுகிறது ஆராய்ச்சி.
ஆங்கிலத்தில் எழுதி, நாலு மொழியில் பெயர்த்து,
நெறிமுறைக் குழு முத்திரை குத்திய கேள்வி
தமிழில் வாய்விட்டுக் கேட்டதும்
வணக்கமாகிவிடுகிறது.
வணக்கத்துக்கு
இல்லை என்று யார் பதில் சொல்வார்?

ஒன்பதரைக்கு ஜெயசீலியும்
திரைக்குள் வந்து இதையேதான் கேட்கிறாளாம்.
சாப்டாச்சா?
ஆச்சு.
எட்டு வருடத் தரவு,
ஓர் இரவும் விடுபடாமல்.

எவ்வளவு, என்றேன்.
பிளாஸ்டிக் சோற்றைக் கையிலெடுத்துத்
திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.
இது சொப்புச் சோறு மேடம்.
எங்க பொட்டலத்துல இந்த மாதிரி மூணு கவுக்கலாம்.
குழம்பு?
மதியம் பிரிக்கிறப்ப
அதுக்குப் பேரு சொல்ல முடியாது.

நள்ளிரவில் வடித்து, ஒரு மணிக்குக் கட்டி,
நாலரைக்குக் கதவோரம் அடுக்கி,
லாரியேறி, வெயிலில் கிடந்து,
பன்னிரண்டுக்குத் திறக்கிற சோறு.
சமைத்த முறை என்றொரு கட்டம் இருக்கிறது படிவத்தில்:
வேகவைத்தது, வதக்கியது, பொரித்தது.
காத்திருந்தது என்று கட்டம் இல்லை.

பழம்?
சீனப் புத்தாண்டுக்கு முதலாளி கொடுத்த ரெண்டு ஆரஞ்சு.
அது பிப்ரவரி. இது ஆகஸ்ட்.
இனிப்புப் பானம்?
அதற்குத் தயங்கவே இல்லை. நாலு டின்னு.
ஜில்லுனு இருக்குறது அது ஒண்ணுதான்.

பிறகு நான் கேட்காமலே
இடது மணிக்கட்டை மேசைமேல் வைத்தார்.
சிவப்பும் பச்சையுமாக ரப்பர் பேண்டுகள்.
பொட்டலத்துக்கு ஒண்ணு மேடம்.
மாசம் நூத்திநாப்பது வெள்ளி பிடிக்கிறான்,
கெட்டுப்போனதைக் கணக்குக் காட்டணும்ல.
தின்னதுக்கு மட்டும் கையில.
மதியம், ராத்திரி, வாரத்துக்குப் பதினாலு வரணும்.

இருவரும் எண்ணினோம்.
ஒன்று முழங்கை வரை ஏறியிருந்தது.
பதினொன்று.

நேற்று?
நேத்து மதியம் இல்ல. ராத்திரியும் இல்ல.
சாப்பிட்டேன்னு சொன்னீங்களே?
நீங்க கேட்டீங்களே மேடம்.

விரல் நுனியில் ஒரு துளி.
மூன்று மாதச் சர்க்கரை எட்டுப் புள்ளி நான்கு.
இரத்தத்துக்கு மரியாதை தெரியாது.

கையேட்டைக் கொடுத்தேன்:
வட்டத் தட்டு, பாதி காய், கால் சோறு,
சிவப்பரிசியானால் நல்லது.
விரலால் வட்டத்தைச் சுற்றி வந்து கேட்டார்,
தட்டு எங்க மேடம்?

மின்விசிறிக் காற்றில் என் படிவங்கள் பறந்தன.
எழுந்தவர் ஒரு பச்சையைக் கழற்றிக்
கட்டின்மேல் மாட்டிவிட்டுப் போனார்.

செவ்வாயன்று டாக்டர் குவெக்
திரையில் ஒரு வரியைத் தட்டினார்.
கம்பி கட்டுகிற ஆள்,
நாளுக்கு அறுநூறு கலோரி.
நம்பத்தகாத பதில். எடுத்துவிடு.
கெட்டவர் இல்லை அவர். வரம்புக்குக் கீழே வந்தால்
யாராயிருந்தாலும் எடுப்பதுதான் விதி,
அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

எடுத்தேன்.
சராசரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

படிவக் கட்டு இன்னும் என் மேசையில்,
பச்சை ரப்பர் இறுக்கிய இடத்தில்
காகிதம் இலேசாக மடிந்திருக்கிறது.
கேட்டரிங்காரனிடம் அவர் கையை நீட்டும்போது
பத்துதான் இருந்திருக்கும்.