இரண்டு கடலும் ஒரே நாளில்

பாம்பன் தெற்குவாடியில்
ஐஸ் கம்பெனியின் மாடி அறை.
கீழே கட்டி உடைக்கும் இயந்திரம்
அவ்வப்போது என் கேள்வியை விழுங்கியது.
வாரியத்திலிருந்து நான் கொண்டுவந்த படிவத்தில்
முப்பத்திரண்டு கேள்விகள்.

பெயர்: மரிய ஜெனோவா.
தொழில்: நண்டு ஏற்றுமதி.
முதலீடு: ஒரு கோடி.
அதற்குக் குறைந்தால் அந்த நிதியில் சேர முடியாது.
இழந்தால் தாங்குகிறவர்கள் மட்டும் வரட்டும் என்று
நாங்கள் போட்ட வேலி அது.
(வரும் வழியெல்லாம் பார்த்தேன்,
வேலிக்கென்று விதைத்த கருவைதான்
வயல் முழுக்க நின்றது.)

“ஒரு கோடி எனக்கேது சார்?
பதினோரு பேரு.
வலைக்கடை ராயப்பன் எட்டு லட்சம்,
தம்மாம்ல வெல்டிங் பாக்குற நூருல் அமீன் பதினஞ்சு,
நண்டு உரிக்கிற பொம்பளைங்க நாலு பேரு
சீட்டு எடுத்துச் சேத்த ஆறு...
எம்பேருல பான் கார்டு இருந்துச்சு.
கையெழுத்துப் போட்டேன்.”

படிவத்தில் ஒரு கோடுதான் இருந்தது.
ஒரு பெயர்தான் எழுதினேன்.

மதுரையிலிருந்து வந்த கிருபாகரன்
மடிக்கணினியைத் திறக்கவே இல்லையாம்.
ஜன்னலைத் திறந்தானாம்.
வாடை அடித்தால் வடகடல் கொந்தளிக்கும்,
படகைத் தெற்கே கொண்டுவருவீர்கள்.
கச்சான் அடித்தால் தென்கடல் பொங்கும்,
பாலத்துக்கடியில் நுழைந்து வடக்கே போவீர்கள்.
எங்கள் நிதியும் அதேதான்,
ஏறுமென்று ஒரு கை, இறங்குமென்று ஒரு கை,
எந்தக் காற்றிலும் அடுப்பெரியும்.

“எங்க கடலை எங்களுக்கே வித்தான்”
என்றபோது அவள் சிரித்தாள்.

அவன் சொன்னதில் பொய்யில்லை.
என் அறிக்கையின் சிக்கலே அதுதான்.
சொல்லாமல் விட்டது:
சொந்தப் படகு ஒன்றுக்குக்
கடன் படகு நான்கு.
நங்கூரக் கயிறு கடன் கொடுத்தவன் கையில்.

“புயலுக்கு ஏது சார்
வடக்கும் தெற்கும்?”

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கையும் முறிந்தன.
வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது:
பணம் திரும்பப் பெறும் வாசல்
தற்காலிகமாக மூடப்படுகிறது.
ஏழு மாதமாகத் தற்காலிகம்.

கேள்வி இருபத்தேழு:
இடர்கள் தங்களுக்கு விளக்கப்பட்டனவா?

“நாப்பத்தோராம் பக்கத்துல. இங்கிலீஷ்ல.
எறும்பு ஊர்ந்த மாதிரி.
இங்க காத்துக்கு முன்னாடி கூண்டு ஏத்துவாங்க சார்.
எழுத்துத் தெரியாதவனும்
கழுத்தைத் தூக்கினாப் போதும்.
டோக்கன் இல்லாம ஒரு விசைப்படகு கெளம்பாது,
வலைக் கண்ணியக்கூட அளந்து பாக்குறாங்க.
இவனுக்கு டோக்கன் குடுத்தது யாரு?”

நாங்கள்தான்.
பதிவு எண் உண்டு.
காலாண்டுக் கணக்கும் ஒழுங்காக வந்தது.
ஒன்றுக்கு நான்கு என்பது அதில்
ஆறாவது கட்டத்தில் இருந்தது.
என் மேசையில் பதினேழு நாள் கிடந்தது.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்,
இயந்திரம் ஓடத் தொடங்கியது,
நின்ற பிறகு
இருபத்தெட்டாவது கேள்வியைக் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நகல் கேட்டாள்.
பத்து.
வாக்குமூலத்துக்கு உடனே நகல் தர விதியில்லை என்றேன்.
அவள் பேசாமல் செல்போனை எடுத்து
முதல் பக்கத்தின் மேல் பிடித்தாள்.
கீழே மறுபடி ஐஸ் உடைந்தது.
மேசை அதிர்ந்து
படம் கலங்கிவிட்டது.

அடுத்த படத்துக்கு
காகிதத்தின் இரண்டு மூலைகளையும்
நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.