முதல் விருப்பம்

அஞ்சு மணிக்குள் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும்.
கெமிக்கலை மேலே இழுக்கிறேன்,
மெக்கானிக்கலைக் கீழே.
மறுபடி மாற்றுகிறேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க மெக்கானிக்கல்?"
பிரவுசிங் சென்டர்காரரை
யாரும் கேட்கவில்லை.

அப்பா சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர்.
இந்த வாரம் நாவல்பழ ஆர்டர்,
மணிக்கட்டு வரை ஊதா.
கல்யாண வீட்டில் மொய் நீட்டும்போது
கவருக்கு அடியில் விரல்களை மடக்கிக்கொள்வார்.

கணபதியில் பம்ப் பட்டறை வைத்திருக்கும்
அக்கா வீட்டுக்காரர் பூபாலன் சொல்வார்:
"ஒரு நூல் கூடினாத் தண்ணி ஏறாது."
எங்கள் திருப்பூரில் நூல் கூடினால்
உலையே ஏறாது.

போன பங்குனியில் ஒரு ராத்திரி
கழிவுநீரைச் சுண்டக் காய்ச்சும் இடத்தில்
பம்ப் நின்றுபோனது.
டார்ச் பிடிக்க நான் போனேன்.
ஃபிட்டர் காதர் பிரித்து
வாஷரை எடுத்துக் காட்டினார்.
உப்பு தின்று ஒரு பக்கமே இல்லை.
"இது மெஷின் கோளாறா, மருந்துக் கோளாறா?"
கையைத் துடைத்தார்.
"விடியறதுக்குள்ள ஓடோணும் கண்ணு."

பின்னால் கொட்டகை நிறைய அந்த உப்பு,
மூட்டை மூட்டையாக.
குழம்புக்கும் ஆகாது, ஆற்றிலும் கொட்டக்கூடாது.
கூரை தட்டும்வரை அடுக்கிவிட்டு
அடுத்த கொட்டகை போடுகிறார்கள்.
அதை என்ன செய்வதென்று
யாருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நாலு ஐம்பத்திரண்டு.
கெமிக்கல் மேலே.
பூட்டினேன்.

பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது.
"தொடாதீங்க புள்ள" என்பதற்குள்
பக்கத்து மூடியைக் கழற்றி
உருளையை இரண்டு பல்
பின்னால் திருப்பியிருந்தேன்.