கட்டபெட்டு வளைவில் காட்சி எண்பத்தேழு

கன்டின்யூட்டி நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
பின்அட்டையில் எழுதுகிறேன்.

படத்தில் என்ன வருடம் என்று சொல்வதில்லை.
மலையை மூடுபனி வாரியம் ஆள்கிறது.
மூச்சுக்கு மீட்டர்.
வீட்டுக்கு மாதம் நாற்பது லிட்டர் பனி,
மேலே இழுத்தால் அபராதம். இருமல் தனிக் கணக்கு.
வாரியத் தலைவர் ஓர் எருமை.
ஏன் எருமை என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை,
அதுதான் படமே என்பார் ஏசுவடியான்.

கேட்டவர் தயாரிப்பாளர்.
பொள்ளாச்சியில் பம்புசெட் செய்யும் நாச்சிமுத்து;
கதை கேட்ட அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தவர்,
முதல் பில் வந்ததும்
எருமைக்குப் பதில் ஒரு காமெடி நடிகரைக் கேட்டார்.
அப்புறம் முடிவை மாற்றச் சொன்னார்.
ஹீரோ கோடாலியோடு வரணும்,
ஆபீஸைப் பிளக்கணும்,
பனி பீறிட்டு அடிக்கணும், ஜனம் கைதட்டணும்.
"யாரும் உடைக்கமாட்டாங்க சார்.
வரிசையில நிப்பாங்க."
பதினோரு முறை சொன்னார் இயக்குநர்,
ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி இறங்கி.

டீசரைப் பார்த்த தணிக்கைக்குழு கடிதம் அனுப்பியது:
வாரியம் என்ற சொல் வருமிடமெல்லாம் ஒலி நீக்கவும்.
எருமைக்கான தடையில்லாச் சான்று எங்கே.
வெள்ளையாகப் பரவுவது பனியா புகையா தெளிவில்லை,
ஆகவே படம் முழுக்க
புகைப்பிடித்தல் கேடு என்று கீழே போடவும்.
அந்த ஒருநாள்தான் அவர் சிரித்தார்.
"இவங்களைத்தான் வசனம் எழுதக் கூப்பிட்டிருக்கணும்."

பனி மட்டும் வரவில்லை.
ஒன்பது நாள் வெயில்.
கோவையிலிருந்து வந்த புகைமெஷின்
மண்ணெண்ணெய் வாடையடிக்க,
கொழுந்து பறித்தவர்கள் மூக்கைப் பொத்தித் திட்டினார்கள்.
அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து
டீயில் வர்க்கியைத் தோய்த்து, எடுக்க மறந்து,
கரைந்ததைக் குடித்தார்.

பத்தாம் நாள் போனில் சண்டை.
மதியம் கேமரா வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியது.

இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது பனி.

செக்போஸ்ட் செட் அப்படியே நின்றது,
பிளைவுட் பலகையில் பச்சை எழுத்து:
இதற்கு மேல் பனி. நபருக்கு ரூ. 20.
போகச் சொல்ல யாருக்கும் தோன்றாததால்
பெள்ளி காக்கிச் சட்டையில் கவுன்டரிலேயே இருந்தார்,
இலை எடைபோட்டு ஓய்வு பெற்றவர்.
ஈரோட்டு வேன் ஒன்று நின்றது.
டிரைவர் இறங்கி, "பதினாலு பேர்ண்ணா" என்றார்.

பெள்ளி எங்களைப் பார்த்தார்.
நாங்கள் இயக்குநரைப் பார்த்தோம்.
அதற்குள் பின்னால் இரண்டு கார்.
புல்லுக்கட்டோடு வந்த அம்மா,
"உள்ளூருக்குச் சலுகை உண்டா?"
பெள்ளி யோசித்தார். "ஆதார் இருந்தா பாதி."
இது ஸ்கிரிப்டில் கிடையாது.
எருமையோடு போட்டோவுக்குத் தனியாகவா என்றார் ஒருவர்.
சுவரில் சாய்ந்திருந்த கோடாலியை
"யாராச்சும் தடுக்கி விழுவாங்க" என்று
அக்கறையாய் நகர்த்தி வைத்தார் இன்னொருவர்.

"வண்டி எங்க இருக்கும்?"
ஏசுவடியான் கேட்டது எனக்கு மட்டும் கேட்டது.
"குஞ்சப்பனை தாண்டியிருக்கும் சார்."

நேரம் 2.10 முதல் 4.40 வரை.
வெளிச்சம் சீர்.
ஆட்கள் அறுபத்தேழு, அதில் பாதிக் கட்டணம் பதினைந்து.
வசூல் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
டேக் இல்லை.

பெள்ளி டீக்குப் போன நேரத்தில்
ஒரு பெண் திரும்பி வந்தாள்.
ரசீது நனைந்துவிட்டதாம், வேறு கிடைக்குமா.
இயக்குநர் எழுந்துபோய்
கவுன்டரில் உட்கார்ந்தார். பெயர் கேட்டார்.
சின்ன ர-வா பெரிய ற-வா என்று கேட்டு எழுதினார்.
முத்திரையை ஊதிக் குத்தினார்.
"டூப்ளிகேட்டுக்கு அஞ்சு ரூபா."

சிரிக்கிறாரா என்று பார்க்க முயன்றேன்.
பனி.