ஆறடி கூடுதல்

கொடியை மடித்த இரண்டு பையன்களில்
இடப்பக்கத்தவனுக்குக் கை நடுங்கியது.
பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
டுலூத்தின் ஏரிக்காற்று
கல்லறைத் தோட்டத்து வேலியை மதிப்பதில்லை.
முக்கோணத்தின் ஒரு மூலை பிசகிவிட்டது.
அப்பா, நீங்கள் இருந்திருந்தால்
சட்டைப்பையின் எஃகு அளவுகோலை உருவி
"நாற்பத்தைந்து பாகை, தம்பி. பிரித்து மடி" என்றிருப்பீர்கள்.
நான் பிசகிய மூலையோடு வாங்கிக்கொண்டேன்.
இப்போது அது முன் இருக்கையில்
பெல்ட் மாட்டிக்கொண்டு என்னோடு வருகிறது.

ஆர்வில் ஸ்டெனர்சன், வயது தொண்ணூற்று நான்கு.
நாளிதழ் எண்பது சொற்களுக்குத்தான் இடம் தந்தது.
போர்வீரர், பொறியாளர், கணவர், தந்தை என்று
நான்கு தூண் நட்டேன்.
மேலே போட ஒரு பலகை அகப்படவில்லை.

எந்தப் பாலம் வந்தாலும் காரை நிறுத்துவீர்கள்.
சரிவில் இறங்கி
அதன் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள்,
கன்று ஈனப்போகும் பசுவைப் பார்ப்பவர் போல.
பின் இருக்கையில் நாங்கள் மூவரும் அடித்துக்கொள்வோம்.
அம்மா ஆரஞ்சு உரிப்பாள்.
இங்கா சித்தி கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
கேக் தட்டில் துகள்தான் மிச்சம்.
"பாலம் சௌக்கியமா?" என்று கேட்டாள் சித்தி,
வெள்ளை உடுப்பில், இடுப்பில் கை வைத்து.

என் மணவாழ்க்கை முறிந்த வாரம்
ஒன்பது மணிநேரம் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள்.
வந்து, சமையலறைக் குழாயின் கசிவை நிறுத்தினீர்கள்.
கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டீர்கள்.
அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கிளம்பும்போது மட்டும்,
"பாரம் இனி வேறு வழியாக இறங்கும்.
கொஞ்ச நாள் கிறீச்சிடும். விழாது."
வீட்டைச் சொன்னீர்களா என்னையா,
கேட்கவில்லை நான்.

கொரியாவைப் பற்றி மொத்தம் மூன்றே பேச்சு.
குளிர். இதை நவம்பர்தோறும் சொல்வீர்கள்.
ஓர் இரவில், பதினொரு மணிநேரத்தில்
ஆற்றின்மேல் பாலம் போட்டது.
மூன்றாவதை அம்மாவிடம் சொன்னீர்கள்,
அவள் பெயர்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்த வருடம்,
மறந்துவிடுவாள் என்று தெரிந்தே.
கதவுக்கு இந்தப் பக்கம்
நான் துவைத்த துணியோடு நின்றிருந்தேன்.
"நாங்களேதான் வெடிவைத்தோம், வெர்னா.
அக்கரையில் ஆட்கள் இருந்தார்கள்.
நடந்து வந்தவர்கள்."
அம்மா உங்கள் கையைத் தட்டிக்கொடுத்து
"சாப்பிட்டாயா?" என்றாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் நிலவறையில்
ஹாம் சாண்ட்விச், தண்ணீராய் ஒரு காப்பி.
நெடுஞ்சாலைத் துறையில் உங்களோடிருந்த மாக்கி
ஊன்றுகோலைத் தட்டித் தட்டிச் சொன்னார்:
"முப்பத்தெட்டு வருடச் சண்டை இவரோடு!
எல்லா வரைபடத்திலும் ஆறடி கூடுதல், நடைபாதை.
ஊரே இல்லாத காட்டில் யாரப்பா நடப்பார்கள் என்றால்
பனியை ஒதுக்க இடம் வேண்டாமா என்பார்.
பனிக்கு எதற்கய்யா கைப்பிடிக் கம்பி?"
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கோப்பை காலியாகும்வரை.

பிர்ச் ஓடைப் பாலத்துக்கு முன்னால்
காரை நிறுத்தியிருக்கிறேன்.
அடியில் இறங்கிப் பார்க்க எனக்குத் தெரியாது.
துரு எது, நிழல் எது என்று தெரியாது.
மேலேயே நடக்கிறேன்.
நடைபாதையில் முழங்கால் பனி.
மனிதத் தடம் ஒன்றுமில்லை.
ஒரு நரி போயிருக்கிறது,
இல்லை, வந்திருக்கிறது,
அக்கரையிலிருந்து.

கையுறையைக் கழற்றிக் கம்பியைத் தொடுகிறேன். சுடுகிறது குளிர்.
இடுப்புயரத்தில் ஒன்று.
அதற்குக் கீழே இன்னொன்று,
சிறு பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில்.
இதை மாக்கி சொல்லவில்லை.

பின்னால் கார்க் கதவைத் திறந்தே விட்டு வந்திருக்கிறேன்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.