மரை

எட்டு போல்ட்டில் ஏழுதான் இருந்தது.
எட்டாவது இடத்தில் கட்டுக்கம்பி,
அதன்மேல் பைக் டியூப்பின் கறுப்புத் துண்டு.
யார் கட்டினாரோ, நன்றாகவே கட்டியிருந்தார்.
அவிழ்க்க எனக்கு அரை மணி ஆனது.

ராயபுரத்து சர்ச்சின் சாமான் அறையில்
பதினோரு வருஷம் கிடந்த டிரம்ஸ் செட்.
ஸ்னேரை மட்டும் மெர்லின்
ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட் காசு கொடுத்து
பக்கத்தில் உட்காரவைத்து
வியாசர்பாடிக்குக் கூட்டிவந்தாள்.
மற்றதெல்லாம் அவள் மாமாவின் மீன் டெம்போவில்.
வாசனை இன்னும் போகவில்லை.

பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணை,
மடித்துவைத்த கிறிஸ்துமஸ் ஸ்டார்,
பல்லி முட்டை நான்கு, ஓடு மட்டும்.

முதலில் மண்ணெண்ணெய். பிறகு பொறுமை.
பொறுமை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
துணி போட்டு மூடிவிட்டு
குழம்பு வைக்கப் போவது.
கடற்காற்றுத் துரு மேலோடு நிற்காது,
உப்பைக் குடித்து உள்ளே இறங்கியிருக்கும்.
பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாளை
வினிகரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க
வளையத்தில் என் டியூப்லைட் தெரிகிறது,
அப்புறம் என் மூக்கு.
பித்தளை உடம்புக்குப் புளியே போதும்.
அன்றைக்கு ரசம் இல்லை.

பெடல் சங்கிலியில் ஒரு கண்ணி விறைத்திருந்தது.
தையல் மிஷின் எண்ணெய் ஆறு சொட்டு.
இப்போது மிதித்தால்
பூனை குதித்து இறங்குகிற அளவுக்குத்தான் சத்தம்.

திங்கட்கிழமை புதுப்பேட்டை.
இர்ஷாத் போல்ட்டை வாங்கி
நகத்தால் மரையை எண்ணினான்.
"இது இஞ்ச் மரைக்கா. இப்ப வர்றது எல்லாம் மில்லிமீட்டரு.
வியாழக்கெழம வா, பாக்கறேன்.
மரை கழண்ட கேஸெல்லாம்
கரெக்டா உன்கிட்டதான் வருது."

ஸ்னேரின் அடியில் இருபது கம்பிச் சுருள்.
மேல்தோல் கழற்றி வைத்திருந்தாலும்
அதற்கு எல்லாம் காதில் விழும்.
கும்மிடிப்பூண்டி லோக்கல் போனால் சிர்ர்.
குக்கரின் மூன்றாவது விசிலுக்கு சிர்ர்.
பக்கத்து போர்ஷன் தணிகாசலம்
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து
பகலெல்லாம் விடுகிற குறட்டைக்கு
மூச்சுக்கு ஒரு சிர்ர்.
நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல்.
லீவரைத் தட்டிக் கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான்
நான் வேலையே பார்ப்பேன்.

புதன்கிழமை மதியம் லீவரைத் தட்ட
அவசியமே வரவில்லை.
கம்பியை இறுக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
ரயில் போனது, சிர்ர்.
பிறகு ஒன்றுமில்லை.
இரண்டு மணி. இரண்டரை.
செருப்பு போடாமல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கைலியோடு திறந்தார். இரண்டு கண்ணும் சிவப்பு.
"ஏம்மா, நேத்துலேந்து உன் வூட்ல சத்தமே இல்லியே,
எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.
ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"
போல்ட் வரவில்லை என்றேன்.
எந்த போல்ட் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்து, சின்னச் சுத்தியலை எடுத்து
ரப்பர் பலகைமேல் தட்டினேன்,
எதையும் சரிசெய்யாமல்,
சும்மா.
இருபது நிமிஷம் இருக்கும்,
கம்பி மெல்ல ஆரம்பித்தது.

வியாழக்கிழமை போல்ட் கிடைத்தது,
தலை மட்டும் வேறு.
மற்ற ஏழுக்கும் டிரம் சாவி, இதற்கு ஸ்பேனர்.
தோலை எதிரெதிரே கால் சுற்று, கால் சுற்றாக
இறுக்கிக்கொண்டே வரும்போது
கை ஒவ்வொரு முறையும் இந்த ஒன்றில் தடுமாறி
ஸ்பேனரைத் தேடியது.
பில்லில் எழுதினேன்: போல்ட் ஒன்று, நாற்பது ரூபாய்.
சுத்தியலுக்குக் காசு எழுதவில்லை.

சனிக்கிழமை மெர்லின் வந்தாள்,
பையில் சொந்தக் குச்சியோடு.
சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்,
வளையத்தில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்,
கையை ஓங்கினாள்.
நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
"நாலு மணிக்கு மேல."

டீ போட்டேன். ஆளுக்கொரு பொறை.
மூன்றே கால்தான் ஆகியிருந்தது.
நாங்கள் இரண்டு பேரும்
தொடாத அந்த டிரம்மைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.